நீளாத கயிறும் நீளும் கம்பியும்

மலர்க் குழு அன்பர்கள் "இந்த வருஷம் நீங்களும் ஏதாவது எழுதித் தாங்க சார்" என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் எழுத நம் சங்கத்தில் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நானோ பிலாய்க்கு வேலைக்கு வந்து, சோதனைக்கூடத்தில் இரும்புக் கம்பியை இழுத்து அறுப்பதிலேயே முப்பத்திரண்டு ஆண்டுகளை ஓட்டியவன். எனக்குத் தெரிந்த இலக்கியம் அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு நூலுக்குத் திறனாய்வு எழுதலாம் என்று துணிந்தேன். நம் வீடுகளில் எல்லாரும் பணம் கொடுத்து வாங்கும் நூல் அது. பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணி வரை விழித்துப் படிப்பதும் அதைத்தான். ஆனால் பெரியவர்கள் யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலைச் சொல்கிறேன்.

பாடப்புத்தகத்துக்கு விமர்சனமா என்று சிரிக்க வேண்டாம். ஒரு நாவலை நாலாயிரம் பேர் படித்தாலே பெரிய விஷயம், உடனே பத்துப் பேர் விமர்சனம் எழுதிவிடுவார்கள். இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு நூலை மட்டும் யாரும் நூலாக மதித்துப் பேசுவதில்லை. "எத்தனை மார்க்?" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது.

பேத்தி கேட்ட கேள்வி

இந்தக் கட்டுரைக்கு வித்திட்டவள் என் பேத்தி. பதினோராம் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "தாத்தா, நான் சயின்ஸ் விட்டுட்டு காமர்ஸ் மாறிக்கிறேன்" என்றாள். வீட்டில் ஒரே களேபரம். மார்க் குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இயக்கவியல் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

ராத்திரி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "கணக்கு எல்லாம் வருது தாத்தா. ஆனா எதுவுமே நிஜமாத் தோணல. மேசை மேல புத்தகம் இருக்கு. புத்தகம் கீழ அமுக்குது, மேசை அதே அளவு மேல தள்ளுதுன்னு சொல்றாங்க. ஒரு புத்தகம் வச்சா ஒரு புத்தகத்துக்கு உண்டான அளவு. ரெண்டு வச்சா ரெண்டுக்கு உண்டான அளவு. மேசைக்கு எப்படித் தெரியும், எவ்வளவு தள்ளணும்னு? வகுப்புல கேட்டேன். அது சிலபஸ்ல இல்லைன்னு சொல்லிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சோதனைக்கூடத்தில் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பதில் அவளுடைய புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. கேள்வி எழுவதோ முதல் பாகத்தில். நடுவில் அட்டை ஒன்று குறுக்கே நிற்கிறது.

நூலின் அமைப்பு

இந்த நூல் 2006இல் வெளிவந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் பாரத்தைக் குறைப்பது என்று சொல்லி 2022இல் பல பகுதிகளை நீக்கினார்கள். என் பேத்தி படித்தது அந்தக் குறைக்கப்பட்ட பதிப்பு. அதில் முதல் பாகத்தில் ஏழு பாடங்கள்: அளவீடு, நேர்கோட்டு இயக்கம், தள இயக்கம், இயக்க விதிகள், வேலையும் ஆற்றலும், சுழற்சி, ஈர்ப்பு. இரண்டாம் பாகத்தின் முதல் பாடம் திடப்பொருள்களின் இயந்திரவியல் பண்புகள்.

முதல் பாகத்தில் வரும் கயிறு எப்படிப்பட்டது? எடையில்லாதது, நீளாதது. கப்பியில் உராய்வு கிடையாது. பொருள் எவ்வளவு விசை பட்டாலும் உருமாறாது. இரண்டாம் பாகத்தைத் திறந்தால், அதே கயிறு திடீரென்று நீள ஆரம்பிக்கிறது. கம்பி நீள்கிறது, தூண் குறுகுகிறது, உத்தரம் வளைகிறது. நேற்று வரை நீளாத கயிறு இன்று ஏன் நீள்கிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்மையான பொருள் எதுவும் முற்றிலும் விறைப்பானது அல்ல என்று நூலாசிரியர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். தொடுவிசைகளுக்கு அடிப்படை மின்விசைதான் என்றும் ஓரிடத்தில் வருகிறது. ஆனால் இவை ஒன்றிரண்டு வாக்கியங்களில் கடந்து போகின்றன. பரீட்சையில் வராத வாக்கியத்தைப் பிள்ளைகள் கண் பார்ப்பதில்லை. கேள்வியும் பதிலும் ஒரே பக்கத்தில் கைகுலுக்கிக்கொள்ளவில்லை என்பதே என் முதல் குறை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் மட்டும் மாறுபட்டதா என்று பார்த்தேன். 2018இல் வந்த பதினோராம் வகுப்புத் தமிழ்வழி நூலிலும் இதே கதைதான். இயக்க விதிகள் முதல் தொகுதியில் வருகின்றன, பருப்பொருளின் பண்புகள் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இரண்டிலும் தையல் பிரிந்தேதான் இருக்கிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. கலிலியோ வீட்டுக்காவலில் இருந்துகொண்டு எழுதி 1638இல் வெளிவந்த கடைசிப் பெரும் நூலின் பெயரே 'இரண்டு புதிய அறிவியல்கள்' என்பதுதான். ஒன்று இயக்கத்தின் அறிவியல். மற்றொன்று பொருள்களின் வலிமை. பலகையைப் படுக்கையாக வைப்பதைவிடக் குத்தாக நிறுத்தினால் ஏன் அதிகம் தாங்குகிறது என்று அதில் ஆராய்கிறார். ஒரே அட்டைக்குள் அவர் வைத்த இரண்டையும் நாம் இரண்டு பாகமாகப் பிரித்துவிட்டோம். உருளும் பந்து வழியாக மட்டுமே பிள்ளைகளுக்குக் கலிலியோவைத் தெரியும். உத்தரம் பற்றி யோசித்த கலிலியோவை யாரும் அறிமுகம் செய்வதில்லை.

மேசைக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு பேத்திக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளை கேட்டால் உங்களுக்கும் உதவும்.

மேசைக்கு ஒன்றும் தெரியாது. புத்தகம் வைத்ததும் அது கொஞ்சம் வளைகிறது. வளைந்ததால் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது, அந்த முயற்சியே மேலே தள்ளும் விசை. தள்ளுவது போதவில்லை என்றால் புத்தகம் இன்னும் கொஞ்சம் இறங்கும், மேசை இன்னும் கொஞ்சம் வளையும், தள்ளலும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். கயிற்றின் இழுவிசையும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டதால்தான் கயிறு இழுக்கிறது. உண்மையிலேயே நீளாத கயிறு ஒன்று இருந்தால், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் அளவுகோலே இருக்காது.

"வளையவே இல்லையே தாத்தா" என்றாள். சரி, பார்த்துவிடுவோம் என்று பரணிலிருந்து கொலுப் பலகையை இறக்கினேன். நீளம் 1.2 மீட்டர், அகலம் 20 செ.மீ., கனம் 2 செ.மீ. இரண்டு முனைகளையும் இரண்டு ஸ்டூல் மேல் வைத்தோம். முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பலகை மேல் படுக்க வைத்து, தனியாக வேறொரு முக்காலியில் லேசர் விளக்கைப் பொருத்தி, ஒளி அதில் பட்டு ஐந்து மீட்டர் தள்ளி எதிர்ச் சுவரில் விழும்படி செய்தோம். (லேசர் கண்ணில் படக் கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.) அவளுடைய இயற்பியல் புத்தகத்தையே பலகையின் நடுவில் வைக்கச் சொன்னேன். சுவரில் சிவப்புப் புள்ளி நகர்ந்தது. ஏறத்தாழ 3 மி.மீ. இன்னொரு புத்தகத்தை வைத்தாள். ஏறத்தாழ 6 மி.மீ. எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கணக்கும் இதையே சொல்கிறது. மரத்தின் யங் குணகத்தைச் சுமார் 10 கிகா பாஸ்கல் என்று கொண்டால், அரைக்கிலோ புத்தகத்துக்கு அந்தப் பலகையின் நடுப்பகுதி சுமார் 0.13 மி.மீ. இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒளிக்கதிர் அந்தச் சின்னச் சாய்வைப் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. பலகை வளைந்ததை அவள் பார்த்தாள். இரண்டு மடங்கு சுமைக்கு இரண்டு மடங்கு வளைவு என்பதையும் பார்த்தாள். ஹூக் விதி என்று நான் சொல்லவே இல்லை. "இது அந்த ஸ்பிரிங் பாடம்தானே தாத்தா?" என்று அவளே கேட்டாள்.

ராபர்ட் ஹூக் இந்த விதியை முதலில் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராகத்தான் அச்சிட்டார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற ஜாக்கிரதை. 1678இல் அவரே புதிரை விடுவித்தார். நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் புதிராகவே இருப்பதுதான் வருத்தம்.

நீக்கப்பட்ட பக்கங்கள்

2022இல் இந்தப் பாடத்திலிருந்து இரண்டு பகுதிகளை எடுத்தார்கள். ஒன்று, திடப்பொருளுக்குள் அணுக்கள் இடம் பெயர்ந்தால் ஏன் திரும்ப வருகின்றன என்று பந்தும் சுருள்வில்லும் வைத்து விளக்கிய பகுதி. மற்றொன்று, ஒரு கம்பியின் யங் குணகத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் காண்பது என்ற பகுதி. ஒன்று 'ஏன்' என்பதற்கான பதில், மற்றொன்று 'எப்படித் தெரியும்' என்பதற்கான பதில். இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'சூத்திரம் என்ன' என்பது மட்டும்தான்.

இரண்டாவது பகுதியின் நீக்கம் என்னை அதிகம் வருத்தியது. அது என் தொழில் என்பதால் மட்டும் அல்ல. அந்தச் சோதனையில் ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். ஒன்றில் எடை ஏற்றுவார்கள். மற்றொன்று சும்மா தொங்கும். சும்மா தொங்குவது எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. குறுக்குவெட்டும் உள்ள எஃகுக் கம்பியில் 10 கிலோ தொங்கவிட்டால் அது நீள்வது சுமார் அரை மி.மீ. அதே கம்பி, எடை எதுவும் ஏற்றாமலே, அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் 0.12 மி.மீ. நீளும். அதாவது நாம் அளக்க வந்ததில் நாலில் ஒரு பங்கை வெயிலே செய்துவிடும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் சும்மா தொங்கும் கம்பியும் அதே வெயிலில் அதே அளவு நீளும். மேலே உத்தரம் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளந்தால், எடையால் வந்தது எவ்வளவு என்று சுத்தமாகத் தெரிந்துவிடும்.

இது இயற்பியலுக்கு மட்டும் உரிய புத்தி அல்ல. மருந்தைச் சோதிக்கிறவர்கள் மருந்து கொடுக்காத குழுவையும் வைத்துக்கொள்வது இதே காரணத்தால்தான். ஒரு விளைவு இதனால்தான் வந்தது என்று சொல்லும் முன், இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் பழக்கம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்க இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் பேத்தியின் செய்முறைப் பட்டியலில் அந்தச் சோதனை இருந்தது, பாடநூலில்தான் அதன் விளக்கம் இல்லை. ரெக்கார்டு நோட்டில் போன வருஷத்து அக்கா எழுதியதைப் பார்த்து எழுதினாள். "அந்த ரெண்டாவது கம்பி எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அது டயகிராம்ல இருக்கு தாத்தா" என்றாள்.

பாரத்தைக் குறைப்பது நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுமந்து செல்ல வேண்டிய பெட்டியை விட்டுவைத்து, அதன் கைப்பிடியைக் கழற்றினால் பாரம் குறையுமா?

நூலின் நல்ல இடங்கள்

குறை மட்டும் சொல்வது திறனாய்வு ஆகாது. இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 10 டன் தூக்கும் பாரந்தூக்கிக்கு எவ்வளவு தடிமன் கயிறு வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். எஃகு நிரந்தரமாக நீண்டுவிடாமல் இருக்க, ஆரம் சுமார் 1 செ.மீ. போதும் என்று வருகிறது. ஆனால் நடைமுறையில் பத்து மடங்கு பாதுகாப்பு வைத்து 3 செ.மீ. ஆக்க வேண்டும் என்கிறார்கள். அதோடு, அது ஒரே தடிக் கம்பியாக இருக்காது, மெல்லிய கம்பிகளைப் பெண்பிள்ளைகளின் சடை போலப் பின்னியிருப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தப் 'பத்து மடங்கு' என்ற ஒரு சொல்லில் பொறியாளரின் மனசாட்சி முழுவதும் இருக்கிறது. கணக்குச் சரியாக இருந்தாலும் உயிர் விஷயத்தில் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடம் அது. அதை இன்னும் இரண்டு பத்தி விரித்திருக்கலாம்.

பூமியில் மலைகள் ஏன் 10 கி.மீ.க்கு மேல் வளர முடியாது என்று காட்டும் இடமும் அருமை. அதற்கு மேல் போனால் அடிவாரப் பாறை தன் தலைமேல் உள்ள பாரத்தைத் தாங்காமல் நழுவத் தொடங்கும். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். இந்த இடத்தில் பேத்தி, "அப்போ மார்ஸ்ல?" என்று கேட்டாள். செவ்வாயில் ஈர்ப்பு பூமியைப் போல் சுமார் 0.38 பங்கு. பாறையும் அதே மாதிரி என்று வைத்துக்கொண்டால் 26 கி.மீ. வரை போகலாம். அங்குள்ள ஒலிம்பஸ் மலையின் உயரம் சுமார் 22 கி.மீ. தோராயக் கணக்குதான், ஆனாலும் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். நல்ல பாடத்துக்கு அடையாளம் இதுதான். அது முடிந்த இடத்தில் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும்.

ஆனால் பயிற்சிக் கணக்குகளில் பனிச்சறுக்கு மைதானத்தின் தொங்கு நாற்காலிக் கம்பி வந்துவிடுகிறது. குல்மார்க்கில் பனிச்சறுக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழனி மலையில் ரோப் கார் ஏறிய பிள்ளைகளும், எங்கள் பக்கத்து டோங்கர்கட் மலைக்கோயிலுக்கு ரோப்வேயில் போன பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1.5 செ.மீ. ஆரமுள்ள அந்தக் கம்பி தாங்கும் சுமை 70,000 நியூட்டனுக்குச் சற்று அதிகம், அதாவது 7 டன்னுக்கும் மேல். தான் உட்கார்ந்து போன பெட்டியைத் தாங்கிய கம்பி என்று தெரிந்தால் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

ஊரில் வீடு கட்டும் அன்பர்கள் டி.எம்.டி. கம்பி விளம்பரத்தில் 'எஃப்.இ. 500' என்று பார்த்திருப்பீர்கள். அந்த 500 என்ன? ஒரு சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். 12 மி.மீ. கம்பி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தே முக்கால் டன் வருகிறது. '500 டி' என்று இருந்தால் வலிமை ஏறத்தாழ அதே, ஆனால் அறுவதற்கு முன் கூடுதலாக நீளும். சாதாரண 500க்கு இந்தியத் தரம் கேட்பது குறைந்தது 12 விழுக்காடு நீட்சி, 'டி' வகைக்கு 16 விழுக்காடு. நிலநடுக்கத்தில் கட்டடம் உடனே நொறுங்காமல், வளைந்து கொடுத்து, உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கொடுப்பது இந்த நீட்சிதான். நூலில் உள்ள தகைவு – திரிபு வரைபடம் இதையெல்லாம் சொல்லும் படம். சாய்வு விறைப்பைச் சொல்கிறது, உயரம் வலிமையை, அகலம் நீளும் தன்மையை. மூன்றும் வெவ்வேறு குணம் என்று தெரியாமலே பிள்ளைகள் அதை மனப்பாடமாக வரைகிறார்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், வெளியே இந்தி பேசுகிறார்கள். வீட்டில்தான் தமிழ். "ஃபிசிக்ஸைத் தமிழ்ல சொன்னா புரியாது" என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறோம். எனக்கு நேர்ந்த அனுபவம் வேறு.

தமிழ்நாட்டுப் பாடநூலில் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்குத் தகைவு என்று இருக்கிறது. தகைத்தல் என்றால் தடுத்தல். வெளியிலிருந்து இழுக்கும்போது பொருள் தனக்குள்ளிருந்து எதிர்த்துத் தடுக்கிறதே, அந்தத் தடுப்பு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பதுதான் பாடம். சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. பத்திரிகைகளில் 'மன அழுத்தம்' என்று எழுதுவதால் பிள்ளைகள் ஸ்ட்ரெஸ், பிரஷர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். தகைவு என்ற சொல்லில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

'ஸ்ட்ரெய்ன்' என்பதற்குத் திரிபு. இதில் எனக்கு முதலில் ஒரு சங்கடம் இருந்தது. பால் திரிந்தால் மீளாது. கம்பி மீள்கிறதே, பொருந்துமா? பிறகு பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. தோன்றல், திரிதல், கெடுதல். பொன், குடம் இரண்டும் சேர்ந்தால் பொற்குடம். பிரித்தால் பொன் பழைய பொன்னாகவே வந்துவிடும். இலக்கணத் திரிபு மீளும் திரிபு, பால் திரிவது மீளாத் திரிபு. மீட்சி எல்லைக்கு உள்ளே நடப்பது முதல் வகை, தாண்டி நடப்பது இரண்டாம் வகை. பேத்திக்கு இதைச் சொன்னதும், "எலாஸ்டிக் லிமிட்டுன்னா பால் திரியற பாயிண்ட்டா?" என்று சிரித்தாள். அன்று முதல் அவள் அதை மறக்கவில்லை.

மூன்றாவது சொல் மீட்சி. 'எலாஸ்டிக்' என்றால் கடையில் விற்கும், இழுத்தால் நீளும் நாடா. ஆகவே ரப்பர்தான் எலாஸ்டிக் என்று பிள்ளை நினைக்கிறது. பாடநூலோ எஃகு மற்ற உலோகங்களைவிட அதிக எலாஸ்டிக் என்கிறது. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? இங்கே நூலையே குறை சொல்வேன். யங் குணகம் காட்டுவது விறைப்பை, அதாவது எவ்வளவு கடினமாக இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதை. மீட்சி என்பது திரும்பி வருவது. இழுபடுவது ஒன்று, மீள்வது இன்னொன்று. எஃகு அதிக விறைப்பானது என்று நேராகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தமிழ்ச் சொல் இந்த முடிச்சைத் தானே அவிழ்த்துவிடுகிறது, ஏனென்றால் மீட்சி என்ற சொல்லில் நீட்சியே இல்லை.

தமிழ்வழி நூலுக்கும் ஒரு குறை சொல்லி வைக்கிறேன். கலைச்சொற்கள் நன்றாக இருக்கின்றன. வாக்கியங்கள்தான் ஆங்கில மூச்சில் ஓடுகின்றன. நல்ல சொல்லைச் செய்தவர்கள் அதை நல்ல தமிழ் வாக்கியத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

முடிவாக

நீளாத கயிறு தவறு என்பது என் வாதம் அல்ல. கம்பி ஒரு மீட்டருக்கு அரை மி.மீ.தான் நீள்கிறது, இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கப்பிக் கணக்கில் அதை விட்டுவிட்டால் விடையில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அது நாமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம், உலகத்தின் குணம் அல்ல என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். எதை விட்டோம், ஏன் விட்டோம், எப்போது விட முடியாது என்று சொல்லாவிட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் அலுப்பு வரும். எது நிஜம் என்று கேட்பவர்கள் அவர்கள்தானே?

2023 முதல் ஒவ்வொரு வகுப்பாகப் புதிய நூல்கள் எழுதப்பட்டு வருகின்றன. மேல்வகுப்பு நூலை எழுதுபவர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டு. இயக்க விதிகள் பாடத்திலேயே வளையும் மேசையைக் காட்டுங்கள். அந்த இரண்டாவது கம்பியைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒன்று. பிள்ளைகளின் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் எடுங்கள். நம்மில் எத்தனையோ பேர் ஆலையிலும் ரயில்வேயிலும் கட்டுமானத்திலும் வாழ்நாளைக் கழித்தவர்கள். அந்தப் பாடங்களை நாம் கையால் படித்திருக்கிறோம். நவராத்திரிக்குக் கொலுப் பலகை அடுக்கும்போது, கனம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும், நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் பெரிய செட்டியார் பொம்மையை வைக்கலாமா என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பேத்தி காமர்ஸுக்கு மாறவில்லை. மார்க் கூடியதா என்று கேட்காதீர்கள், முன்பும் அது குறையவில்லை. போன நவராத்திரிக்கு மூன்றாவது படியில் ஒரு பலகையை எடுத்துவிட்டுக் கனமான வேறொன்றைப் போட்டாள். "இது தாங்கும் தாத்தா, ஆனா பாதுகாப்புக்குப் பத்து மடங்கு வேணும்ல?" என்றாள்.